வண்டியின் மூக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: பழைய வேன் ஒன்றில் கட்டில், அலமாரி எல்லாம் வைத்து கேரவன் ஆக்கிவிட்டோம். கதவுப் பக்கம் நாமே ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும். எந்தத் துணி நல்லது?
— வாசகர், முசரவாக்கம்

பதில்: துணியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வண்டியை எந்தத் திசை பார்த்து நிறுத்துவீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுவதால் வேனின் பக்கவாட்டுக் கதவும் பெரும்பாலும் இடப்பக்கம்தான் இருக்கும். மூக்கைத் தெற்கே வைத்து நிறுத்தினால் கதவு கிழக்கே பார்க்கும். காஞ்சிபுரம் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதனால் சித்திரை மாதத்து நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மாலை 4 மணிக்கு மேற்கில் சுமார் 34 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். அப்போது எட்டடி உயர வேனின் நிழல் கிழக்குப் பக்கம் பன்னிரண்டு அடி நீளும். 3 மணிக்கே ஏழடி நிழல் உண்டு. அதாவது பொழுது சாயச் சாய, நீங்கள் தைக்கப்போகும் எட்டடிச் சாய்ப்பைவிடப் பெரிய சாய்ப்பை வண்டியே இலவசமாகப் போட்டுத் தருகிறது. காலை வெயில் கிழக்கிலிருந்துதானே அடிக்கும் என்பீர்கள். அடிக்கும், அதற்குச் சாய்ப்பின் முன் விளிம்பில் ஒரு பழைய வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டால் போதும். ஆக, துணிக்கு உண்மையான வேலை முற்பகலிலிருந்து பிற்பகல் வரை சில மணி நேரமும், மழை நேரமும்தான். அதன் எதிரி வெயில் அல்ல, காற்று.

கேள்வி: காற்றுக்கு இத்தனை பயமா? இரும்புக் குழாயில் சட்டம் செய்து வண்டியோடு வெல்டிங் வைத்துவிட்டால் அசையுமா?
— வாசகர், வாலாஜாபாத்

பதில்: சட்டம் அசையாது, வண்டி அசையும். காற்றின் விசையைக் கணக்கிட இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி ஒரு எளிய சூத்திரம் தருகிறது: நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். பத்தடிக்கு எட்டடிச் சாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதன் அடியில் முழுசாகச் சிக்கினால் ஏறக்குறைய 56 கிலோ எடைக்குச் சமமான விசை. 80 கிலோமீட்டர் ஆனால் அது இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி 220 கிலோவைத் தாண்டுகிறது. கோடை மழைக்கு முன்னோடியாக வரும் சூறைக்காற்று இந்த வேகத்தைத் தொடக்கூடியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊரில், பாய் விரித்துவைத்த வேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெல்டிங் வைத்த சட்டம் அந்த விசை முழுவதையும் வேனின் மெல்லிய தகட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். கயிறு அப்படியில்லை, அவிழ்த்தால் சண்டை முடிந்தது.

சட்டமும் கயிற்றின் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. கழற்றி உள்ளே வைத்துவிடும் சாய்ப்புக்கு இந்த வில்லங்கம் எதுவும் இல்லை. சக்கரம் வைத்த ஒன்றுக்குத் துணி கட்டுவது காஞ்சிபுரத்துக்குப் புதிதும் அல்ல. நம் கோயில் தேர்களில் மரத்தாலான அடிப்பகுதிதான் நிலையானது. மேலே கால் நட்டு, சீலை சுற்றி, தொம்பை தொங்கவிட்டுக் கயிற்றால் இறுக்குவதெல்லாம் விழாவுக்கு மட்டும். விழா முடிந்ததும் சீலையை அவிழ்த்து வைத்துவிடுவார்கள். அத்தனை உயரத்தைத் தாங்கும் வித்தை உங்கள் எட்டடிக்குப் போதாதா? சாய்ப்பின் உள்விளிம்புக் கயிற்றைக் கூரைக் கேரியரில் கட்டுங்கள். வெளிப்பக்கம் இரண்டு மூங்கில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கயிறு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. முளைக்குச்சியை வெளிப்பக்கம் சாய்த்து அடியுங்கள். மழையில் ஊறிய ஏரிக்கரை மண்ணில் முளை நிற்காது. அங்கே மணல் மூட்டையில் கட்டுவதே பத்திரம்.

கேள்வி: கிழக்கு, கிழக்கு என்கிறீர்கள். ஐப்பசி மழை கிழக்கிலிருந்துதானே அடிக்கிறது?
— வாசகி, ஓரிக்கை

பதில்: நியாயமான கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வருவதால் வேனே சுவராக நிற்கும். கூரையைத் தாண்டி வரும் சுழல் துணியைக் கொஞ்சம் உதறும், அவ்வளவுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. அப்போது மூக்கை வடக்கே திருப்பிவிடுங்கள், கதவு மேற்கே போய்விடும். மாலை வெயில் படுமே என்றால், அடைமழைக் காலத்தில் வெயில் பட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதான். வீட்டுக்கு இல்லாத இந்த வசதிக்காகத்தானே சக்கரம்! எந்தப் பருவமானாலும் சரிவு முக்கியம். வண்டிப் பக்கம் ஏழடி, வெளிப்பக்கம் ஐந்தரை அடி. வெளிமூலைகளில் ஒன்று இன்னும் அரையடி தாழ்வாக. துணி நடுவில் தொய்ந்து, ஒரு மீட்டர் சதுரத்தில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 50 கிலோ. அது எப்போதும் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் கொட்டும்.

கேள்வி: பட்டு ஊர்க்காரர்கள் பட்டிலேயே சாய்ப்பு போட்டால் என்ன? விளம்பரமும் ஆச்சு!
— வாசகர், பிள்ளையார்பாளையம்

பதில்: ஐந்தரை மீட்டர் புடவை ஒன்று போதாது, இரண்டு வேண்டும், வேன் விலையோடு சேலை விலை போட்டி போடும். பணம் பொருட்டில்லை என்றாலும், பட்டு இந்த வேலைக்கு ஆகாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி இழை இற்றுப்போகும். நனைந்தால் வலு குறையும். பருத்தி நேர் எதிர். நனைந்தால் அதன் இழை வலுக்கூடும், உப்பவும் செய்யும். அதனால் நெருக்கமாக நெய்த கித்தானின் இடைவெளிகள் மழையில் தாமாகவே அடைபடும். மலிவான பிளாஸ்டிக் தார்ப்பாய் தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் அடியில் புழுக்கம், காற்றில் படபட சத்தம், அடுப்புப் பொறி பட்டால் உருகும். கித்தான் என்றாலும் அடுப்பைச் சாய்ப்புக்கு வெளியே வைப்பதே நல்லது. ஆகவே முசரவாக்கம் வாசகருக்கு என் பதில்: கித்தான். எடை அதிகம், விலையும் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு தொல்லையும் உண்டு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து அதில் கறுப்பு புட்டா விழும். அதற்கு நெசவுக் கூலி கிடையாது, ஆனால் எந்தச் சலவையிலும் போகாது.