புளியங்கொட்டை விழுந்த இடம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போக யாருக்கும் வழி தெரியாமல் போகாது. நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று கண்டக்டரின் குரலே கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடும். அந்த ரோட்டிலும் வழி தவறக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மேப் வாத்தியார். காரணம், அவரிடம் மேப் இருக்கிறது.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு அழைத்தால் எல்லாரும் "லொகேஷன் அனுப்பு" என்று கேட்கும்போது, "அட்ரஸ் இருந்தா போதும், நான் வந்துடுவேன்" என்று ஒருவர் கறாராகச் சொல்வார். மூன்றாம் பந்திக்கு வந்தும் சேருவார். வந்ததும் இலை முன் உட்கார மாட்டார். பத்திரிகையில் போட்டிருக்கிறபடி மண்டபம் பஸ் நிலையத்துக்குத் தெற்கே இல்லை, தென்கிழக்கே இருக்கிறது என்று பெண்ணின் தகப்பனாரைப் பிடித்துத் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வாத்தியார் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர். காவிரிக்கும் கோதாவரிக்கும் எங்களை நீலம் தீட்டவைத்து, கடல் கரைக்கு உள்ளே கசிந்தால் முட்டி போடவைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு முட்டி போட ஆளில்லாததால் பழைய மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எனக்கு வயது நாற்பத்தைந்து. அவர் "டேய்" என்றால் கால் இன்னும் தானாக எழுந்து நிற்கிறது.

அவருடைய தோள்பையில் திசைகாட்டி ஒன்று, கட்டைப் பென்சில் ஒன்று, ஒரு முழம் வெள்ளை நூல், பிளாஸ்டிக் உறையில் போட்ட மேப்புகள். நூல் பட்டன் தைக்க அல்ல. மேப்பில் வளைந்து நெளிந்து போகும் வண்டிப்பாதையின் மேல் நூல் முனையை எச்சில் தொட்டு ஒட்டுவார். வளைவுக்கு வளைவு நகத்தால் அழுத்திக்கொண்டே போவார். பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் வைப்பார். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். "பதினாலு சென்டிமீட்டர்டா, ஏழு கிலோமீட்டர்" என்று அறிவிக்கும்போது அவர் முகத்தில் பெரிய நிலத்தையே வளைத்துப் போட்ட களை வந்துவிடும்.

மேப் என்றால் புத்தகக் கடையில் தொங்கும் தமிழ்நாட்டு மேப் இல்லை. சர்வே ஆஃப் இந்தியா போட்ட, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள தாள். ஏரி, கிணறு, பனைமரம், சுடுகாடு எல்லாம் அதில் குறி போட்டிருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண் உண்டு. வாத்தியாருக்கு ஊர்ப்பெயரைவிட அந்த எண்தான் நாக்கில் வரும். "நான் 57 பி 12-ல குடியிருக்கேன். விழுப்புரத்துல சம்பந்தி வீடு 58 எம் 5. அவர் மாட்டுக்கொட்டா மட்டும் 58 எம் 9-ல வருது."

இது வேடிக்கைப் பேச்சில்லை. பன்னிரண்டு பாகை அட்சரேகையும் எழுபத்தொன்பதரைப் பாகை தீர்க்கரேகையும் விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் வெட்டிக்கொள்கின்றன. நான்கு தாள்களின் மூலை அங்கேதான். ஆகவே விழுப்புரம் பக்கம் போனால் நான்கு தாளும் வேண்டும். முன்னால் அவர் வண்டி ஓட்ட, பின்னால் நான் நான்கையும் விரித்துப் பிடிக்க, ஆடிக்காற்றில் எங்கள் டிவிஎஸ் பாய்மரக்கப்பலாகிப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் கரை ஒதுங்கியதும் உண்டு.

இந்தத் தாள்கள் அவர் கைக்கு வந்த கதை தனி. கடற்கரையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் வரும் இடங்களின் தாள்களை அரசாங்கம் வெகுகாலம் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தது. திண்டிவனமும் விழுப்புரமும் அந்தப் பட்டைக்குள் அடக்கம். நம் வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பது நமக்கே ராணுவ ரகசியம். 2005-இல் புதிய வரைபடக் கொள்கை வந்து, பொதுமக்களுக்கென்று தனி வரிசை போட ஆரம்பித்தார்கள். வாத்தியார் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. பழைய பேப்பர் கடையில், வாரப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில், நாட்டின் பாதுகாப்பை எடைபோட்டு வாங்கிவந்துவிட்டார்.

எங்கே போவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதுதான் திண்டிவனம் ஆனது என்பார்கள். அந்த மரியாதைக்காக ஒரு புளியங்கொட்டை வைத்திருக்கிறார். தாளை விரித்து, கண்ணை மூடி, கொட்டையைச் சுண்டுவார். விழுந்த இடத்துக்கு அன்றைக்குப் போயே ஆகவேண்டும். போன் கூடாது. கொட்டையின் அகலம் ஒரு சென்டிமீட்டர். மண்ணில் அது அரைக் கிலோமீட்டர். அதற்குள் எந்த இடத்தில் நின்றாலும் ஜெயித்ததாகக் கணக்கு.

போன ஆனியில் ஒரு ஞாயிறு. கொட்டை உருண்டுபோய் திருவக்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குன்றின் மேல் உட்கார்ந்தது. தாளில் இரண்டு பழுப்பு வளையம், உச்சியில் ஒரு புள்ளி.

"சார், போனை ஆஃப் பண்ணி பையிலயாவது வெச்சிக்கிறேனே."

"மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் என்னடா வெட்டி வெச்சிருக்கான்? செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம கோயில் எடுத்தேன்னு. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி அவன் நாலு இல்லாம பண்ணினான். நீ ஒண்ணு இல்லாம வரமாட்டியா?"

மகேந்திரவர்மனுக்கு விசித்திரசித்தன் என்றும் ஒரு பட்டம் உண்டு. அது பல்லவரோடு முடிந்துபோகவில்லை என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

மயிலம் தாண்டும்வரை மேப்பும் ஊரும் ஒத்துப்போயின. பிறகு மேப்பில் ஒற்றைப் பாதையாக இருந்தது நேரில் மூன்றாகப் பிரிந்தது. வாத்தியார் இறங்கி, தாளைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்து, திசைகாட்டியை நடுவில் வைத்துக் குந்தினார். தாளை வடக்குக்குத் திருப்பினார். பிறகு எழுந்து சுற்றிவந்து தாளுக்கு அந்தப் பக்கம் குந்தினார். ஆடு ஓட்டிவந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"வக்ரகாளி கோயிலுக்கா? இப்படியே நேராப் போங்க."

"கோயிலுக்கு இல்லம்மா. ஒரு குன்றுக்கு."

"அங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்லம்மா."

அந்த அம்மா ஆட்டைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டார். கால் மணி நேரத்தில் எங்களைச் சுற்றி எட்டுப் பேர். காகிதத்தை விரித்துப் பென்சிலோடு வயல் ஓரம் குந்தியிருப்பவன் நம் ஊரில் நிலம் எடுக்கத்தான் வந்திருப்பான். "சிப்காட்டுக்கா? ரயிலுக்கா?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். பேச்சிலேயே ஓடிக்கொண்டிருக்கும் திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் தன் நிலத்தின் வழியாகத் திரும்பிவிட்டதோ என்று அவருக்குக் கவலை. இன்னொருவர் பட்டாவில் தன் தகப்பனார் பெயர் தப்பாக ஏறியிருப்பதாக மனுவையே நீட்டினார். வாத்தியார் அதை வாங்கிப் படித்து இரண்டு ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தார்.

டீக்கடையில் என் பொறுமை தீர்வதைப் பார்த்து லாம்டன் கதையை எடுத்தார். "1802-ல பரங்கிமலைகிட்ட ஒரு வெள்ளைக்காரன் சங்கிலி இழுத்து அளந்தான் பாரு, அதுலேருந்து வந்த மேப்புடா இது. ஏழரை மைலுக்கு அம்பத்தேழு நாள் ஆச்சு அவனுக்கு. நமக்கு ஏழு கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆனா என்னா?"

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் டீ போடுகிறவரிடம் மெதுவாக வழி கேட்டேன். "மோட்டார் கொட்டா தாண்டி, அய்யனாருக்கு அந்தாண்ட." அப்படியே போனோம். "பார்த்தியா, மேப் கரெக்டாக் கூட்டிவந்துச்சு" என்றார் வாத்தியார்.

ஆனால் குன்று இல்லை. குன்று இருக்கவேண்டிய இடத்தில் கல் குவாரி. இரண்டு பனைமர ஆழத்துக்கு வெட்டி, அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சற்றுத் தொலைவில் திருவக்கரைப் பூங்காவில் மரமாக நின்று கல்லாகிப்போனவை இரண்டு கோடி ஆண்டாக அசையாமல் கிடக்கின்றன. அளந்து ஐம்பது வருஷம்கூட ஆகாத குன்று ஜல்லியாகி லாரி ஏறிவிட்டது. வாத்தியார் விளிம்பில் நின்று தாளைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்து அந்தப் பழுப்பு வளையத்துக்குப் பக்கத்தில், பரீட்சைப் பேப்பரில் எழுதும் அதே கையெழுத்தில், "குன்று வரவில்லை" என்று எழுதினார்.

"மேப்ல தப்பு இல்லடா. ஊருதான் தப்பு" என்றார்.

பொழுது சாய்ந்து அவர் வீட்டுக்குத் திரும்பினோம். வாத்தியார் வீட்டம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் விரித்துக் கிடந்த தாளில் நான் சும்மா திண்டிவனத்தைத் தேடினேன். ரயில்பாதை, பஸ் நிலையம், அங்கிருந்து ஒரு விரல்கடை தள்ளி இந்தத் தெரு வரவேண்டும். அங்கே தெரு இல்லை. மாங்காய் வடிவத்தில், கடல் கசியாமல் தீட்டிய மாதிரி, சுத்தமான நீலம்.

"சார், உங்க வீடு ஏரியில இருக்கு."

வாத்தியார் சட்னியில் கவனமாக இருந்தார். பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"மனை வாங்கறப்ப உங்க சாரு இதே மேப்பத்தான்பா விரிச்சாரு. நூலு வெச்சி அளந்து, பஸ் ஸ்டாண்டு ஒன்றரை சென்டிமீட்டர்தான், கண்ணை மூடிட்டு வாங்கலாம்னாரு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் வாங்கினாரு."

அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் ஐம்பது சென்டிமீட்டர் மழை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் முழங்கால் தண்ணீர். அம்மா அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருக்க, வாத்தியாரைக் காணோம். வாசலில் டார்ச்சும் கையுமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெருவோரமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"சாமான் எல்லாம் மிதக்குதுன்னு நான் கத்தறேன். உங்க சாரு திரும்பி என்ன சொன்னாரு தெரியுமா?"

வாத்தியார் தலையைத் தூக்கினார். அந்த ராத்திரியின் சந்தோஷம் இன்னும் முகத்தில் இருந்தது.

"கரை கூட மாறலடா. அப்படியே மேப்ல இருக்கற மாதிரி!"