வார்டுக்கு வெளியே நிற்பவர் கவனத்துக்கு

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பிரசவ ஆஸ்பத்திரியைப் பற்றியே இருந்தன. மற்ற பாதியை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம். அரசியல்வாதிகள் பொறுத்துக்கொள்வார்கள், பனிக்குடம் பொறுக்காது.)

கும்பகோணத்திலிருந்து, முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் ஒருவர்: எதைக் கேட்டாலும் ‘வெளிய நில்லுங்க சார்’ என்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யார்தான் சொல்வார்கள்?

சொல்வதை யாருடைய வேலையாகவும் வைக்காத இடத்தில் எல்லோரும் ‘வெளியே நில்லுங்க’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு 2004 வாக்கிலேயே வந்துவிட்டது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள அக்காவோ சித்தியோ இருந்தால் நல்லது. அவரிடமே ‘வெளியே வந்து சேதி சொல்’ என்று ஒப்படையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஐந்து பேர் ஆளுக்கு நான்கு முறை நர்ஸிடம் கேட்டால் அவர் இருபது முறை நிமிர வேண்டும். அந்த நேரமெல்லாம் உங்கள் மனைவியுடையது.

பாபநாசத்திலிருந்து ஒரு மாமியார்: நாலு பெத்தவ நான். சின்னப் பொண்ணு ஒருத்தி நர்ஸாம், மருமகளுக்குத் தண்ணி குடு, சீம்பால் குடுன்னு எனக்கே புத்தி சொல்றா!

அம்மா, உங்கள் அனுபவம் நாலு. அந்தச் சின்னப் பொண்ணு ஒரு வாரத்தில் பார்ப்பது அதற்கு மேல். பூண்டு, கருவாடு, பிரசவ லேகியம் எல்லாம் உங்கள் ராஜ்யம், யாரும் தலையிடவில்லை. தண்ணீரை மட்டும் அளந்து கொடுக்காதீர்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம். சீம்பால் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரும் முதல் உணவு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அது வாய்க்குப் போகவேண்டும். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது; அதிலிருந்து வரக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

இந்தப் பதிலில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. கர்ப்பிணியை மட்டும் உட்கார வைத்து அறிவுரை சொல்லி அனுப்புகிறீர்கள். வீட்டில் அடுப்பங்கரை அதிகாரி வராந்தாவில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரை ஏன் உள்ளே கூப்பிடவில்லை? அங்கன்வாடிகள் நடத்தும் சமுதாய வளைகாப்பில் எனக்குப் பிடித்தது வளையல் இல்லை. மருமகளும் மாமியாரும் ஒரே நேரத்தில் ஒரே சேதியைக் கேட்கிறார்கள், அதுதான்.

ஒரத்தநாட்டு டீக்கடைக்காரர்: ஸ்கேனுக்குக் காசு வாங்கிக்கிறாங்க. ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்களே?

மருத்துவமனை மறைத்தே ஆகவேண்டிய சேதி அது. 1994 சட்டப்படி சொன்னவருக்கும் சிறை, கேட்டவருக்கும் சிறை. பத்து மாதம் பொறுத்தால் இலவசமாகவே சொல்வார்கள்.

ஒரு மகளிர் மருத்துவமனையில் விழிப்புணர்வுப் பணியைக் கவனிப்பவர், தஞ்சாவூர்: சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை. என்ன செய்யலாம்?

முதலில் பாதியைக் கிழியுங்கள். மீதியை நடைபாதையிலிருந்து எடுத்து, பெண்கள் மணிக்கணக்கில் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ‘உயர் குருதி அழுத்தம்’ என்று எழுதினால் தமிழ்ப் பண்டிதர் மகிழ்வார், அம்மாபேட்டைக்காரி தாண்டிப் போவாள். அவள் வாயில் வருவது பிரஷர், சுகர், ரத்தம் பத்தலை. அதையே எழுதுங்கள். தாங்காத தலைவலி, கண் மங்குதல், முகவீக்கம், மேல்வயிற்று வலி, பிள்ளை அசைவு குறைதல், ரத்தப்போக்கு. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே, கிளம்பு. ஒரு சுவருக்கு இவ்வளவு போதும்.

அப்புறம், ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் தலையாட்டல்தான். ‘வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க, எங்கிட்டச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது எது விட்டுப்போயிற்று என்று தெரியும். விட்டுப்போனது உங்கள் பேச்சில், அவர் மூளையில் அல்ல.

திருவையாறு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்: நாங்கள் ரெஃபர் பண்ணி அனுப்பினால், அங்கே ‘ஏன் இவ்வளவு லேட்’ என்று திட்டுகிறார்கள். சரியான நேரத்தில் அனுப்பினாலும் திட்டுகிறார்கள்.

திட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் திட்டின் காரணங்களில் ஒன்றைக் குறைக்கலாம். ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்று சீட்டில் ஒரு வரி எழுதி 108-ல் ஏற்றிவிட்டால் நோயாளி கிளம்பிவிட்டார், சேதி கிளம்பவில்லை. வண்டி நகரும்போதே போன் போடுங்கள். யாருடைய சொந்த எண்ணுக்கும் வேண்டாம், அவர் லீவில் இருப்பார். பிரசவ வார்டின் எண்ணுக்கு. பெயர், ஊர், அப்பா பெயரெல்லாம் பிறகு. ஆபத்து முதலில்: ‘எட்டு மாசம், தலைப்பிரசவம், பிரஷர் 170/110, ஒரு தடவை வலிப்பு வந்துருச்சு, மெக்னீசியம் சல்பேட் இத்தனை மணிக்கு இவ்வளவு போட்டிருக்கோம், ரத்தம் ஓ நெகட்டிவ், இப்பதான் கிளம்புது.’ அரை நிமிடம் ஆகாது. கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

மருந்தின் நேரமும் அளவும் ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் கண்கண்ட மருந்து. 33 நாடுகளில், 10,000 பெண்களுக்கு மேல் சேர்ந்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. வலிப்பு வரும் ஆபத்தை அந்த மருந்து பாதிக்கு மேல் குறைத்தது. ஆனால் இங்கே போட்டதைச் சொல்லாமல் விட்டு, அங்கே முழு அளவும் மறுபடி போட்டால், முதலில் முழங்கால் துடிப்பு போகும், அப்புறம் மூச்சு. கையில் கால்சியம் குளுக்கோனேட் இருந்தால் மீட்கலாம். ஒரு போன் வந்திருந்தால் அதற்கே தேவை இருந்திருக்காது. நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்று வரிசைப்படுத்திச் சொல்லும் இந்த முறையை அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொண்டன. அணுகுண்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வளவளவென்று பேசமாட்டார்கள் போலிருக்கிறது.

தஞ்சாவூருக்குக் கூடுதலாக ஒன்று. மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம். அதன் மகப்பேறு பிரிவு ஊருக்குள் ராசா மிராசுதார் மருத்துவமனையில். ‘தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி’ என்று மட்டும் சொல்லி வெளியூர் வண்டியை அனுப்பாதீர்கள்.

இனி பெரிய ஆஸ்பத்திரிக்கு என் விண்ணப்பம்: மறுநாள் திருவையாறுக்கு நீங்கள் ஒரு போன் போடுங்கள். ‘அந்தப் பொண்ணு நல்லாருக்கு. நீங்க மருந்து போட்டது சரி. ஆனா ரெண்டு மணி நேரம் முன்னாடியே அனுப்பியிருக்கலாம், இந்த அறிகுறி இருந்துச்சே’ என்று. அனுப்பியவருக்கு முடிவு தெரியாமலே போவதுதான் நம் ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. பயிற்சி முகாமில் பிரியாணி போட்டுச் சொல்லித்தருவதைவிட இந்த ஒரு போனில் ஒரு செவிலியர் அதிகம் கற்பார்.

வல்லம் கல்லூரி மாணவி: கர்ப்பமாக இருக்கும் அக்காவுக்கு அத்தை தினமும் வாட்ஸ்அப்பில் குங்குமப்பூ வீடியோ அனுப்புகிறார். நிறம் வருமா?

குங்குமப்பூ விற்பவர் முகத்தில் வரும். அத்தைக்கு 104 எண்ணைப் பதிலாக அனுப்புங்கள். அரசின் இலவச மருத்துவ ஆலோசனை எண் அது.

அம்மாபேட்டையிலிருந்து நடவு வேலைக்குப் போகும் பெண்: சத்து மாத்திரை போட்டா குமட்டுது, கறுப்பா வேற போகுது. நிறுத்திட்டேன். தப்பா?

நிறுத்தியதில் உங்கள் தப்பு பாதிதான். கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று மாத்திரை கொடுத்தவர் சொல்லியிருக்கவேண்டும். அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் வாய்க்காலுக்குப் போன இரும்புச்சத்து மாத்திரை எத்தனையோ. அது இரும்பின் நிறம், வேறொன்றும் இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுப் படுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். டீயோடு மட்டும் வேண்டாம். டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வரப்போரம் வெறுங்காலோடு நடக்கும்போது கொக்கிப்புழு கால்வழியாக ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். அதனால் மூன்று மாதம் தாண்டியதும் பூச்சி மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52 சதவீதம் பேர், ரத்தசோகைக்காரர்கள். ரத்தம் பத்தாத உடம்பு, பிரசவத்தில் மற்றவர் தாங்கும் இழப்பைத் தாங்காது.

அதே ஊரிலிருந்து, அவருடைய அம்மா என்று நினைக்கிறேன்: எனக்குப் பிள்ளை பெக்கிற வயசெல்லாம் போச்சு. அடி இறங்குற மாதிரி இருக்கு. இதுக்கெல்லாமா பிரசவ ஆஸ்பத்திரி?

இதற்கும்தான். குனிந்து நட்டதும் கட்டுத் தூக்கியதும் பிள்ளை பெற்றதும் சேர்ந்து கர்ப்பப்பையை இறக்கிவிட்டிருக்கும். வளையம் வைப்பதிலிருந்து ஆபரேஷன் வரை வழி உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு பத்து வருஷம் சுமக்க வேண்டாம். தீட்டு நின்ற பிறகு துளி ரத்தம் பட்டாலும் அன்றைக்கே போங்கள். முப்பது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் அங்கேதான் போகவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையைத் தூக்கிய அம்மா படத்தை மட்டும் மாட்டிவைத்தால் உங்களுக்கு இது எப்படித் தெரியும்?

மன்னார்குடி ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிரசவத்தில் தாய் இறந்தால் மூடி மறைப்பதுதானே வழக்கம்?

அப்படி நினைப்பதற்கு உங்களிடம் காரணங்கள் இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. தாய்மரணங்களைத் தனியாகப் பதியத் தொடங்கியது 1994-ல். 2004-ல் ஒவ்வொரு மரணத்தையும் தணிக்கை செய்வது கட்டாயமானது. டாக்டர் எழுதியதோடு முடிவதில்லை. வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள், கலெக்டர் முன் நடக்கும் கூட்டத்தில் இறந்தவரின் குடும்பத்தையும் பேசவைக்கிறார்கள். எத்தனை மணிக்கு வலி வந்தது, யார் ‘பொறு’ என்றது, வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரி எங்கே அனுப்பியது. முடிவெடுக்கத் தாமதம், போய்ச்சேரத் தாமதம், போன இடத்தில் தாமதம் என்று உலகம் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. மூன்றில் எது என்று கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மரணம், தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19 என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் காலர் ரொம்பத் தூக்கவேண்டாம்.

எனக்கு ஒரு பயம் உண்டு. அந்தக் கூட்டம் யாருக்கு மெமோ கொடுக்கலாம் என்று தேடும் கூட்டமாக மாறும் நாளில், அடுத்த கேஸ் ஷீட் அழகான கையெழுத்தில், எல்லா நேரமும் சரியாகக் குறிக்கப்பட்டு இருக்கும். உண்மை இருக்காது. உண்மையைச் சொன்ன ஜூனியர் நர்ஸை அன்று காப்பாற்றுகிற அதிகாரிதான், பெயர் தெரியாத இன்னொரு தாயைக் காப்பாற்றுகிறார்.

தஞ்சை மருத்துவ மாணவர்: புதிய சிகிச்சை எல்லாம் மேல்நாட்டிலிருந்துதானே வருகிறது?

டாக்காவிலிருந்தும் வரும். பேறுகால ரத்தப்போக்கை நிறுத்தும் மேல்நாட்டு பலூன் விலை கட்டுபடியாகாமல், 2000 வாக்கில் பேராசிரியை சயீபா அக்தர் ஒரு ரப்பர் குழாயில் ஆணுறையைக் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, சலைன் நிரப்பினார். ரத்தம் நின்றது. இன்று பல நாடுகளின் பிரசவ அறைகளில் அது நடக்கிறது. உங்கள் வார்டில் ஆயாவோ நர்ஸோ இப்படி ஏதாவது கண்டுபிடித்திருந்தால் எழுதி வையுங்கள். எழுதாத கண்டுபிடிப்பு டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு போய்விடும்.

பெயர் ஊர் வேண்டாம்: கருவைக் கலைக்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் கணவர் கையெழுத்து கேட்பார்களா? ஊருக்குத் தெரிந்துவிடுமா?

பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. பெயரை வெளியிடுவது 2021 திருத்தப்படி தண்டனைக்குரிய குற்றம். தள்ளிப்போடாதீர்கள், வாரங்கள் கூடக்கூட விதிகளும் கூடும். மருந்துக்கடை மாத்திரையைத் தனியாக விழுங்கிவிட்டு வீட்டில் கிடக்காதீர்கள்.

பட்டுக்கோட்டை வாசகி: மகப்பேறு நிதி 18,000 என்கிறார்கள். எனக்கு வரவே இல்லை.

பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்தீர்களா? பதியும்போது கிடைக்கும் பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல் நிதி மட்டுமல்ல, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் சிக்கும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், மாமனார் பெயரில் வேண்டாம். 18,000-ல் நாலாயிரம் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். திட்டத்துக்குப் பெயர் தந்த முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர்தான்; படிக்க விடமாட்டோம் என்றவர்களைத் தாண்டி 1912-ல் டாக்டரானவர். ஒரு பதிவு எண்ணுக்காக நீங்கள் நாலு முறை நடக்கலாம்.

வேதாரண்யம் வாசகர்: கஜா மாதிரி புயலில் செல்போன் டவரே சாய்ந்தால் உங்கள் 108, 104 எல்லாம் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது, அதாவது ஒன்றுக்கும் ஆகாது. 2018 நவம்பரில் பார்த்தோமே. அங்கே உதவுவது காகிதம். எந்தத் தெருவில் யாருக்கு எந்தத் தேதி என்று செவிலியரின் நோட்டில் இருக்கும் பட்டியல். புயல் எச்சரிக்கை வந்ததும் நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வழக்கம் அதை வைத்துத்தான் நடக்கிறது. ‘எனக்கு இன்னும் வலியே வரலை’ என்று அடம்பிடிக்காமல் வண்டியில் ஏறச் சொல்லுங்கள்.

திருவிடைமருதூர் விவசாயி: இரண்டு குழந்தை போதும் என்று முடிவு. ஆண்களுக்கும் கு.க. ஆபரேஷன் உண்டென்று நர்ஸம்மா சொல்கிறார். நடவு சீசனில் எப்படிப் படுத்துக்கிடப்பது?

தையல் இல்லை, அரை மணி நேரம் ஆகாது, அன்றைக்கே வீடு. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனம் தூக்கக்கூடாது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும். மற்றபடி, நடவு நடப்போவது உங்கள் மனைவிதானே ஐயா?