ஐம்பதில் ஓர் இறக்கம்

ஐம்பது வயதில் எல்லாமே ஏறுகிறது: சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். ஏதாவது ஒன்று இறங்க வேண்டாமா? திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலக நண்பர் லாங்போர்டு (சரிவில் நின்றபடி இறங்கும் நீளமான ஸ்கேட்போர்டு) வாங்கியதன் தத்துவம் இதுதான்.

அருகிலேயே பொன்முடி மலைச்சாலை, 22 கொண்டை ஊசி வளைவுகளோடு. வளைவுக்கு வளைவு எண் இருப்பது ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல வசதி.

பலகையில் பிரேக் கிடையாது. நிறுத்த ஒரு காலைத் தரையில் தேய்க்கலாம். அல்லது பிளாஸ்டிக் வில்லை ஒட்டிய கையுறையைத் தாரில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கலாம். குனிந்து செருப்பு வார் மாட்ட முடியாதவருக்கு அருமையான பயிற்சி. எதிரே பஸ் வந்தால்? பிரேக் உள்ளவர்தானே நிற்க வேண்டும்!

வயதைச் சொல்லி யாரும் தடுக்க முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்டி மெக்டொனால்ட் 51 வயதில் ஸ்கேட்போர்டு ஏறினார். அதற்கு முன் பல பத்தாண்டுகள் பழகியிருந்தார் என்பது சில்லறை விவரம். மேலும், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள கேரள அரசு ஊழியரின் ஓய்வு வயது 56. மருத்துவ விடுப்புக்கு இன்னும் ஆறே ஆண்டுகள், தாமதித்தால் நஷ்டம்.

உடைந்த மணிக்கட்டோடு, திட்டு வாங்கத் தயாராக, நண்பர் எலும்பு மருத்துவரிடம் போனார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த மருத்துவர், "எத்தனாவது வளைவு?" என்றார்.

"ஒன்பது சார்."

"அங்கேதான் என் முட்டி போனது."

மாவுக்கட்டு போட்டு, மறுபரிசோதனைக்குத் தேதியும் குறித்தார்: ஞாயிறு காலை ஆறு மணி, பொன்முடி அடிவாரத்துக் கல்லாறு செக்போஸ்ட்.