அடுத்த மேசை எரிமலை

குடிக்காதவனுக்கு மதுக்கடையில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் டிரேடர் சாம் கடையைப் பார்க்காதவர்கள். அங்கே குடிக்காதவனுக்குத்தான் வேலை அதிகம். எல்லாரும் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, நிமிர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

கடை கலிபோர்னியாவில், அனஹைமில், டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வளாகத்துக்குள் இருக்கிறது. 2011ல் திறந்தார்கள். பகலெல்லாம் பூங்காவுக்குள் நடந்து கால் வீங்கிப்போயிருந்த எங்களிடம் மாப்பிள்ளை மெதுவாகப் பேச்செடுத்தார்.

"மாமா, பக்கத்துல ஒரு ஜூஸ் கடை இருக்கு. சின்னதா ஷோ எல்லாம் காட்டுவாங்க."

மாமனாரை மதுக்கடைக்கு அழைக்க இதைவிட நாகரிகமான வழியைத் தமிழ் மாப்பிள்ளைகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் மகள், புருஷன் முகத்தைப் பார்க்காமல் பனைமரத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் மாமனார் உத்தியோகத்தின் முதல் தகுதி. "ஜூஸ்தானே, போலாம் மாப்பிள்ளை" என்றேன்.

இரவு எட்டு மணிக்குமேல் 21 வயது ஆனவர்களுக்குத்தான் அனுமதி. வாசலில் நின்ற பையன் எல்லாரிடமும் அடையாள அட்டை கேட்டான். என் மனைவியிடமும் கேட்டான். அவள் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு, தனக்கு 21 ஆகியிருக்குமா என்று ஒருவன் சந்தேகப்பட்டதை இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே போனால் இருட்டு. கண் பழகியதும் பாலினேசியத் தீவுப் பாணியில் ஒரு சின்ன ஓலைக்குடிசை தெரிகிறது. தலைக்கு மேல் மூங்கில், வலை, மீன்பிடி மிதவை. சுவர் முழுக்க முகமூடி, ஈட்டி, சுருங்கிய தலைகள், பழைய கடிதங்கள். ஜன்னல் என்று நினைத்து எட்டிப் பார்த்தால் அதில் ஒரு தீவும் மலையும். வெளியே கார் நிறுத்துமிடம் இருக்க வேண்டிய திசை அது.

மனைவியும் மகளும் மேசையில் உட்கார, எனக்கும் மாப்பிள்ளைக்கும் கவுன்ட்டர் ஓரத்து உயரமான ஸ்டூல்கள் கிடைத்தன. பட்டியலில் மது கலக்காத பானமும் இருந்தது. சத்தமாக அதைக் கேட்டேன். மாப்பிள்ளை சத்தமில்லாமல் வேறொன்றைக் கேட்டார். அது என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குடும்பத்தில் அமைதி நிலவுவது இப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் கவுன்ட்டர் உயர்கிற மாதிரி இருந்தது. நெஞ்சளவில் இருந்த பலகை தோளுக்கு வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையும் வளர்ந்துகொண்டிருந்தார். ஜூஸில் ஏதாவது கலந்துவிட்டார்களோ என்று தம்ளரை முகர்ந்து பார்த்தேன், அன்னாசி வாசனைதான். கல்யாணமாகிச் சில வருஷத்தில் மாமனார் மரியாதை இறங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் அங்குலக் கணக்கில் இறங்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

"என்ன மாமா, கீழ போய்ட்டீங்க?" என்றார் மாப்பிள்ளை, மேலிருந்து.

மேசையிலிருந்து என் மனைவி, "என்னங்க, நிமிர்ந்து உக்காருங்க! எத்தனை தடவ சொல்றது?" என்றாள்.

கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பெண் பாத்திரம் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். அந்த மும்முரத்தில்தான் சந்தேகம் வந்தது. இங்கே சில ஸ்டூல்கள் மெள்ள மெள்ளக் கீழே இறங்கும்படி செய்யப்பட்டவை. ஆள் பார்த்து இறக்குகிறார்கள். என் தாடை பலகையைத் தொட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை எட்டியவரை.

அதற்குள் அடுத்த மேசையில் நாலு பேர் 'ஊ ஓவா' என்ற பானத்தைச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வகை ரம்மும் பலவகைப் பழச்சாறும் கலந்து, பெரிய கிண்ணத்தில், நீளமான உறிஞ்சுகுழல்களோடு வந்தது. நடுவே பிழிந்த எலுமிச்சை மூடி. அதில் நெருப்பு எரிந்தது. விளக்குகள் மங்கின. பணியாளர்கள் பானத்தின் பெயரைத் தாளம் போட்டுக் கத்த, கடையே சேர்ந்து கத்தியது. ஒருவர் கறுவாப்பட்டைத் தூளை ஒரு சிட்டிகை எடுத்து நெருப்பின்மேல் தூவினார். தூள் பொறிப்பொறியாக வெடித்துப் பறந்தது. அடுப்பு மூட்டிய வீட்டில் பாயசம் கொதிக்கிற வாசனை ஒரு கணம் வந்து போனது.

என் மனைவி கைகூப்பிவிட்டாள். ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றிப் பழகிய கை; இருட்டில் எலுமிச்சை மூடியில் சுடரைக் கண்டதும் தானே குவிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்த சாமி மாப்பிள்ளை?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை போனில் தேடிச் சொன்னார். பாலினேசியாவில் எந்தத் தீவிலும் இப்படி ஒரு சாமி இல்லை. ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பூங்காவில் பேசும் பறவைகள் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1998ல் அதைப் புதுப்பித்தபோது கதைக்காக உண்டாக்கப்பட்ட பேரழிவுத் தேவதைதான் இந்த ஊ ஓவா. 2011 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. சரிசெய்து திறந்தபோது பழைய நிகழ்ச்சியையே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தேவதைக்கு வேலை போயிற்று. இப்போது அவள் பெயரில் பானம் ஓடுகிறது.

"பாவம்" என்றாள் என் மனைவி. கூப்பிய கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

கடையின் முதலாளிக்கும் இதே கதிதான். டிரேடர் சாம் என்பவர் டிஸ்னிலேண்டின் காட்டுப் படகுச் சவாரியில், சுருங்கிய தலைகளை விற்கும் வியாபாரியாகக் கடைசி வளைவில் நின்ற பொம்மை. பழங்குடி மக்களைக் கேலியாகக் காட்டுகிறது என்று 2021ல் அதை எடுத்துவிட்டார்கள். பொம்மை போன பிறகும் கடைப்பெயர் நிற்கிறது. எடுத்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊ ஓவா கற்பனை. ஆனால் இந்த மாதிரிக் கடைகளில் குவளையாகிப்போன முகங்கள் பலவற்றுக்கு மூலம் ஹவாயிலும் நியூசிலாந்திலும் மனிதர்கள் பக்தியோடு மரத்தில் செதுக்கியவை. அவர்களில் யாரும் தம் மூதாதையின் உச்சந்தலையில் துளைபோட்டு அன்னாசிச் சாறு ஊற்றச் சொன்னதில்லை.

சொல்லப்போனால் இந்த வகைக் கடைக்கே பாலினேசியாவில் வேர் கிடையாது. அந்தத் தீவுகளின் பழைய பானம் காவா, ஒரு வேரை இடித்துக் கரைப்பது. ரம் கரீபியன் சரக்கு. தீவையும் ரம்மையும் ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவந்தவர் டெக்சாஸில் பிறந்த எர்னஸ்ட் கான்ட். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்த 1933ல் ஹாலிவுட்டில் ஒரு சின்ன பார் திறந்து, தீவு வேஷம் கட்டி, பிற்பாடு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். 'ஸோம்பி' என்ற பானத்தை ஆளுக்கு இரண்டுக்குமேல் தரமாட்டேன் என்று சொல்லியே பிரபலமாக்கினார். வாடிக்கையாளர் எழுந்து போகப் பார்த்தால் தகரக்கூரைமேல் தண்ணீர் விடுவாராம். மழை என்று நினைத்து இன்னொரு சுற்று சொல்வார்களாம். இன்றைக்கு டிஸ்னி கணினி வைத்துச் செய்வதை அவர் ரப்பர் குழாய் வைத்துச் செய்திருக்கிறார்.

அவருக்குப் போட்டியாக ஓக்லாந்தில் கிளம்பியவர் விக்டர் பெர்ஜெரான், 'டிரேடர் விக்' என்ற பெயரில். சின்ன வயதில் நோயில் ஒரு காலை இழந்தவர். கேட்கிற வாடிக்கையாளரிடம் சுறா தின்றுவிட்டது என்பார். 1944ல் தான்தான் 'மாய் டாய்' கண்டுபிடித்ததாகவும் சொன்னார். இல்லை, அது என்னுடையதிலிருந்து வந்தது என்றார் டான் பீச். வாழ்நாள் முழுக்க இந்த வழக்கு ஓடியது. குடித்தவர்கள் யாரும் சாட்சி சொல்லும் நிலையில் இல்லை.

நான் ஸ்டூலோடு மேலே வந்து சேர்ந்த நேரம், யாரோ 'கிரகடோவா பஞ்ச்' சொன்னார்கள். சுவர் ஜன்னலில் சாதுவாக இருந்த மலை கர்ஜித்து, சிவந்து, குழம்பைக் கக்கியது. நிஜமான கிரகடோவா ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே இருக்கிறது. 1883 ஆகஸ்டில் அது வெடித்து 36,000 பேருக்குமேல் செத்தார்கள். சத்தம் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் தள்ளி ரொட்ரிக்ஸ் தீவு வரை கேட்டது. இங்கே அது பசிபிக் பக்கம் குடிபெயர்ந்து, பழச்சாறோடு குவளையில் வருகிறது. அதைத் தொடர்ந்து ஒருவர் 'ஷிப்ரெக் ஆன் தி ராக்ஸ்' கேட்டார். இடி, மின்னல், புயல். கவுன்ட்டருக்குப் பின்னால் பாட்டிலுக்குள் இருந்த கப்பல் தண்ணீருக்குள் மூழ்கியது. பணியாளர்கள் எங்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மனைவி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் கணக்குப் புரிந்தது. எரிமலையும் புயலும் மதுபானம் கேட்கிறவருக்குத்தான் கிளம்புகின்றன. என் ஜூஸுக்கு ஒரு தூறல்கூட விழவில்லை. ஆனால் எரிமலை வெடித்தால் கடைக்கே வெடிக்கிறது. காசு கொடுத்தவர் குனிந்து உறிஞ்சுவதில் பாதியைத் தவறவிடுகிறார். ஒரு ஜூஸ் காசில் நான் தீ, வெள்ளம், கடல்கோள் எல்லாம் பார்த்தேன். மறுநாள் காலையில் நினைவும் இருந்தது. மாப்பிள்ளைக்கு நான்தான் விவரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே குடிக்காத நண்பர்களே, அனஹைம் பக்கம் போனால் தயங்காமல் உள்ளே நுழையுங்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் உடன் இருந்தால் எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிறந்தநாள் கொண்டாடும் கூட்டமாகப் பார்த்து அதற்குப் பக்கத்தில் மேசை கேளுங்கள். கவுன்ட்டர் ஸ்டூல்தான் கிடைக்கும் என்றால், முதலில் சம்பந்தியை உட்கார வையுங்கள்.