ஜிம்முக்குப் போகாத கழுத்து

என் மைத்துனனுக்குச் சட்டை தைப்பது லேசான காரியம் இல்லை. தோளுக்கு அளவெடுத்தால் இடுப்பில் இன்னொரு ஆள் புகலாம். இடுப்புக்கு எடுத்தால் பொத்தான் தெறிக்கும். சென்னையில் ஏசி ஜிம்மில் வளர்த்த உடம்பு. மரக்காணம் வந்தால் முதல் வேலையாக எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியைத் துடைப்பான். கண்ணாடி மீது உள்ள அக்கறையால் அல்ல.

“மாமா, நீங்க ஃபிட்டாவே இல்ல” என்பது அவனுடைய நிரந்தரக் குற்றச்சாட்டு. “எதுக்கு?” என்று கேட்பேன். கிண்டல் இல்லை. ஈசிஆர் டீக்கடை பெஞ்சில் முதுகு சாயாமல் ஒரு பொழுது முழுக்க உட்கார என்னால் முடியும். அவனுக்குப் பத்து நிமிஷத்தில் கால் ஆட ஆரம்பித்துவிடும்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் விதவிதமான உடம்புகளைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிள் மிதிப்பவர்கள் வந்து இறங்குவார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்த தொடைகள். டீ கிளாஸைத் தூக்கவே யோசிக்கும் கைகள். பக்கத்துக் குப்பத்தில் கரைவலை இழுப்பவர்கள் இதற்கு நேர்மாறு. பின்பக்கமாகவே நடந்து நடந்து முதுகு பலகையாகியிருக்கும். கயிறு பிடித்த விரல்கள் முழுசாக விரியாது. உடம்பு ஒரு கஞ்சக் கணக்குப்பிள்ளை. எந்த வேலைக்கு பில் வந்ததோ அதற்கு மட்டும்தான் காசு தரும்.

போன கோடையில் மைத்துனன் உப்பளம் பார்க்க வந்தான். பாத்தியில் உப்புநீர் வெயிலில் சுண்டி, அடர்த்தி அளவையில் 25 டிகிரி வாக்கில் வந்தால் உப்பு விழத் தொடங்கும். ஆண்கள் பலகையால் வாரிக் குவித்திருந்தார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர், பழைய புடவைக் கிழிசலைச் சும்மாடாகச் சுருட்டி, அதன் மேல் ஈர உப்புக் கூடையை ஏற்றிக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தார். கூடையிலிருந்து கசிந்த தண்ணீர் காதோரம் இறங்கி, கழுத்தில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. வரப்பு ஒரு முழ அகலம்கூட இருக்காது. கால் மட்டும் நடந்தது. இடுப்புக்கு மேலே எதுவும் அசையவில்லை.

“இது என்ன மாமா, நான் நூறு கிலோ டெட்லிஃப்ட் பண்றவன்” என்று மைத்துனன் கூடையைக் கேட்டு வாங்கினான். தூக்கியது அழகாகத்தான் இருந்தது. தலையில் வைத்த பிறகுதான் கழுத்து என்று ஒரு உறுப்பு இருப்பது அவனுக்குத் தெரிந்தது. இரண்டு கையும் கூடையைப் பிடிக்க, தோள் காதுக்கு ஏற, வரப்புக் களிமண்ணில் பாதம் வழுக்கியது. “தம்பி, கழுத்த ஆட்டாத! கண்ண கால்ல வக்காத, எதிர்ல பாரு!” என்றார் அக்கா. அதற்குள் பாதி உப்பு பாத்திக்கே திரும்பிவிட்டது.

இதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. 1986ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கென்யாவில் சிறுவயது முதல் உச்சந்தலையில் சுமக்கும் லுவோ பெண்களும், நெற்றிப் பட்டையில் சுமக்கும் கிகுயூ பெண்களும், தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குச் சுமை வரைக்கும் கூடுதல் ஆக்சிஜன் செலவே இல்லாமல் நடந்தார்களாம். எல்லோருக்கும் அப்படி இல்லை என்று பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் கொஞ்சம் இழுத்தார்கள். இருந்தாலும் நூறு கிலோ தூக்கும் தசைக்கும் அந்த நடைக்கும் சம்பந்தம் கம்மி என்பது எங்கள் வரப்பிலேயே நிரூபணமாகிவிட்டது.

வியர்வை தனிக் கதை. மைத்துனனின் கறுப்பு டி-சர்ட்டில் மத்தியானத்துக்குள் தனியாக ஓர் உப்பளமே உருவாகியிருந்தது. வெயிலில் உழைத்துப் பழகினால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு சீக்கிரமே வியர்க்கக் கற்றுக்கொள்ளும், நிறையவும் வியர்க்கும். ஆனால் அந்த வியர்வையில் உப்பு குறைந்துவிடும். உப்பை மலை மலையாகக் குவிப்பவர்களின் உடம்பு, சொந்த உப்பை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சில வாரம் வெயிலை விட்டு விலகினால் இந்தச் சிக்கனம் மறந்துபோகும். ஏசி ஜிம்மில் இதற்கு மெஷின் கிடையாது.

“அப்ப ரெண்டையும் சேத்துப் பண்றேன் மாமா, காலைல ஓட்டம், சாயங்காலம் வெயிட்” என்றான். அதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்று ஒரு பளுதூக்கும் ஆராய்ச்சியாளர்; தன் பேராசிரியர் ஹொலோசியோடு ஓடப் போய், அருமையாக வளர்த்த தசை கரைவதைக் கண்டார். மேலதிகாரி கூப்பிட்டால் ஓடித்தானே ஆக வேண்டும்! அந்த வயிற்றெரிச்சலை 1980ல் ஆய்வாக்கினார். பத்து வாரப் பயிற்சி. பளுவும் ஓட்டமும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஏழாவது வாரம் வரை பலம் ஏறியது, பிறகு நின்றது, கடைசி வாரங்களில் இறங்கியது. மூச்சுத் திறன் மட்டும் குறையாமல் வளர்ந்தது. சாதாரண ஆட்களுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. மைத்துனன் தன்னைச் சாதாரண ஆளாக ஒப்புக்கொள்ளாததால் இன்னும் கவலையில் இருக்கிறான்.

அக்காவுக்கு முட்டி வலி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். “எக்சர்சைஸ் எதாவது பண்றீங்களாம்மா?” என்றார் டாக்டர். அக்கா கொஞ்சம் கூச்சத்தோடு, “இல்லீங்க சார்” என்றார். டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வேலையும் உடற்பயிற்சியும் ஒன்றில்லை என்பது நிஜம்தான். பயிற்சியில் களைத்தால் நிறுத்தலாம், நிழலுக்குப் போகலாம். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் அளந்து பார்த்து, பெரும்பாலானோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதையும், சிலருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரையும் அளந்துதான் குடிக்கிறார்கள்.

டாக்டர் சொன்னது தெரிந்ததும் மைத்துனன் டீக்கடையிலேயே உற்சாகமாக ஒரு சார்ட் போட்டுக்கொடுத்தான்: திங்கள் கால், செவ்வாய் தோள், புதன் வயிறு. அக்கா அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெஸ்ட்டுனு போட்டிருக்கியே தம்பி ஞாயித்துக்கெழம, அத எப்பிடிப் பண்ணணும்?” என்றார்.

அவன் முழித்தான். பெஞ்சில் நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.