மாருதி 800-ஐ வீட்டு வாசலிலேயே மின்சாரக் காராக்க ஏழு எளிய படிகள்

தேவையானவை: ஓய்ந்துபோன மாருதி 800 ஒன்று, லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மழை ஒழுகாத போர்டிகோ, கேட்பாரற்ற ஞாயிற்றுக்கிழமைகள். கோயம்புத்தூர்க்காரராக இருந்தால் மோட்டாருக்கும் லேத்துக்கும் அலைய வேண்டியதில்லை. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 1: எஞ்சினைக் கழற்றுங்கள்

இருப்பதிலேயே சுலபமான வேலை இது. அதனால்தான் பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். செயின் பிளாக் மாட்டி இழுத்தால் முனகாமல் வெளியே வந்துவிடும். ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் கூடவே போகட்டும். கியர்பாக்ஸை மட்டும் விட்டுவையுங்கள். எஞ்சினை அன்றைக்கே காயலான் கடைக்கு அனுப்பிவிடுவது உத்தமம். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் நாலாம் படியில் மனசு மாறும்.

படி 2: மோட்டாரைப் பொருத்துங்கள்

பழைய போர்க்லிப்டிலிருந்து கழற்றிய டிசி மோட்டார் மலிவாகக் கிடைக்கும். பெரும்பாலும் சீரிஸ் வகையாக இருக்கும். வாங்கி வந்ததும் தரையில் கிடத்தி, முழு வோல்ட்டேஜ் கொடுத்துச் சுற்றவிட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பாரம் இல்லாத சீரிஸ் மோட்டாருக்கு வேகத்தில் எல்லை தெரியாது. தன்னைத் தானே சிதறடித்துக்கொள்ளும் வரை ஏறிக்கொண்டே போகும். அக்கம்பக்கத்தாரோடு பழைய பகை ஏதும் இல்லையென்றால் இதைத் தவிர்க்கவும்.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்க அடாப்டர் பிளேட்டும் கப்ளிங்கும் வேண்டும். லேத் நண்பர், "நாளைக்கு முடிச்சுரலாங்க" என்பார். எந்த நாளை என்று கேட்பது நட்புக்கு அழகல்ல. சென்டர் மயிரிழை விலகினாலும் பேரிங் ஊளையிடும். ஊரார் அதை மின்சாரக் காரின் இயல்பான சத்தம் என்று நம்பிவிடுவார்கள். நீங்களும் நம்பலாம்.

படி 3: பேட்டரியை அடுக்குங்கள்

கொஞ்சம் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 28 லிட்டர் டேங்கில் ஏறத்தாழ 250 யூனிட். அதில் முக்கால் பங்கை எஞ்சின் சூடாக வீணடித்தாலும் 60 யூனிட் தேறும். இனி உங்கள் பக்கம்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி எட்டு. மொத்தம் 96 வோல்ட், 9.6 யூனிட். அடிவரை வடித்தால் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால், கைக்குக் கிடைப்பது பாதி. யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்தால் நாற்பதுக்குள் அடங்கும். காந்திபுரத்தில் கிளம்பினால் மேட்டுப்பாளையம் போய்ச் சேரலாம். திரும்பி வருவது தனி அத்தியாயம்.

ஒவ்வொன்றும் 30 கிலோ. எட்டும் சேர்ந்து 240. காரின் எடையே சுமார் 650 கிலோதான். ஆக, நீங்கள் ஏறுவதற்கு முன்பே நான்கு பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பணம் இருப்பவர்கள் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களுக்குப் போகலாம்: ஒன்று 3.2 வோல்ட், 30 செல், ஒவ்வொன்றையும் கண்காணிக்க ஒரு பிஎம்எஸ். பணம் அவ்வளவு இருப்பவர்கள் புதுக் காரே வாங்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

படி 4: ஒயரிங்

வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், "230-லயே கை வெச்சவங்க நாம, 96 எல்லாம் ஒரு விஷயமாங்க?" என்பார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்சை அணைக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் செத்துவிடும். டிசிக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது. வீட்டு எம்சிபியை இங்கே மாட்டினால், அணைத்த பிறகும் உள்ளே பொறி நின்று எரியும். டிசிக்கென்றே செய்த பியூஸும் கான்டாக்டரும் வாங்குங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு முன்னால் ஒரு பிரீசார்ஜ் ரெசிஸ்டரும் வேண்டும். சில ரூபாய்ச் சாமான்தானே என்று விட்டால், கான்டாக்டரின் முனைகள் வெல்டிங் வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். பிறகு கார் ஓடும், நிற்பதுதான் சிரமம்.

படி 5: எஞ்சின் செய்துவந்த எடுபிடி வேலைகள்

கூட்டுக்குடும்பத்தில் சித்தப்பா வெளியூர் போன பிறகுதான் ரேஷன் கடைக்கும் பால் பூத்துக்கும் போய்வந்தது யார் என்று தெரியும். எஞ்சினும் அப்படித்தான். பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுத்தது அதுதான். இப்போது தனியாக ஒரு மின்சார வேக்குவம் பம்ப் வேண்டும். எடை கூடிய காரில் பிரேக் மிதித்தால் கல்லாக இருப்பது உடம்புக்கு ஆகாது. ஹெட்லைட், வைப்பர், ஹார்னுக்கு மின்சாரம் கொடுத்த ஆல்டர்னேட்டரும் போய்விட்டது. பதிலுக்கு டிசி-டிசி கன்வெர்ட்டர். ஏசி இருந்ததா? இருந்தது என்று இறந்தகாலத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 6: வெள்ளோட்டம்

இரண்டாவது கியரில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். மோட்டார் நின்றபடியே முழு இழுவையும் தரும். தெருவே கூடும். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுங்க?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். "இதெல்லாம் நேத்து வந்த பேஷன்" என்று இன்னொருவர். மணிக்கு நூறு கிலோமீட்டரை முதலில் தாண்டிய காரே மின்சாரக் கார்தான், 1899-ல், ஓட்டியவர் பெல்ஜியத்தின் காமில் ஜெனாட்ஸி என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் கார் ஓடிக்கொண்டிருப்பது முக்கியம்.

படி 7: காகிதங்கள்

இது முதல் படியாக இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் மற்ற ஆறும் இருந்திரா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. மின்சாரக் கிட் பொருத்தலாம். ஆனால் அது ஏஐஎஸ்-123 தரப்படி புனேயின் ஏஆர்ஏஐ போன்ற அமைப்பில் சோதித்து ஒப்புதல் பெற்றதாக, அங்கீகாரம் பெற்றவர் பொருத்தியதாக இருக்க வேண்டும். பிறகு ஆர்டிஓ ஆர்சியைத் திருத்துவார். திருத்தும் வரை உங்கள் கார் பெட்ரோல் கார். பெட்ரோல் காருக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். சோதனைக்காரர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, சொருக இடம் தேடி வண்டியின் பின்புறத்தைச் சுற்றிச்சுற்றி வருவார்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவ்வளவு மிச்சமாகும்? கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு மூன்று லட்சம் என்றால் 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் இருபது கிலோமீட்டர் என்றால் எட்டு வருஷம். லெட் ஆசிட் பேட்டரி அதற்குள் இரண்டு முறையாவது மாறும். ஒவ்வொரு முறையும் கணக்கு தள்ளிப்போகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு செய்யலாமா? செய்யப்போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.