துருவுக்குள் ஒளிந்த தீ: மாமா பதில்கள்

பள்ளி மாணவி, தனுவச்சபுரம்: மாமா, பத்தாம் வகுப்புப் பாடத்தில் தெர்மிட் வினை என்று வருகிறது. ஒரே வரியில் சொல்லுங்கள்.

இரும்புத் துருவிடமிருந்து ஆக்சிஜனை அலுமினியம் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்த துரு இரும்பாக உருகி ஓடும். இன்னொரு வரி இனாம்: அந்தப் பறிப்பில் ஏறும் சூடு சுமார் 2500 டிகிரி செல்சியஸ். இரும்பு உருக 1538 போதும். மிச்சமெல்லாம் கொசுறு.

கொல்லப்பட்டறைக்காரர், வெள்ளறடை: எவ்வளவு துருத்தி போட்டாலும் என் உலையில் இரும்பு சிவக்கும், இளகும், தண்ணீராக ஓடாது. ஒரு சட்டித் தூள் எப்படி ஓட வைக்கிறது?

உங்கள் உலை காற்றை நம்புகிறது அண்ணாச்சி. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். அது எரியாது, சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கூரை வழியே போய்விடும். தெர்மிட்டுக்குக் காற்றே வேண்டாம். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் துருவுக்குள் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் அழையா விருந்தாளி நாலு பேருக்கும் சேர்த்துச் சமைக்கிறீர்கள்.

மின்வாரிய ஓய்வூதியர், நெய்யாற்றின்கரை: அவ்வளவு சூடு ஒரு கைப்பிடித் தூளுக்குள் எங்கிருந்து வந்தது?

உங்கள் கம்பி வழியாகத்தான் சார். ஒரு கிலோ அலுமினியத்தை அதன் ஆக்ஸைடிலிருந்து பிரிக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகும். 1940-ல் பள்ளிவாசலில் நீர்மின்சாரம் பிறந்தது. அந்த தைரியத்தில் 1943-ல் ஏலூர் பக்கம் அலுமினிய உருக்காலை எழுந்தது. இடத்துக்கே அலுபுரம் என்று பேர் விழுந்தது. செலவான மின்சாரம் தொலைந்து போகவில்லை. ஒரு பங்கு அலுமினியத்துக்குள் அடகாக உட்கார்ந்திருக்கிறது. தெர்மிட் அந்த அடகை மீட்கும் நேரம். மலையில் பெய்த மழை, தண்டவாளத்தில் தீயாக இறங்குகிறது.

இல்லத்தரசி, பனச்சமூடு: துருப்பிடித்த அடுப்புக் கம்பி மேல்தான் அலுமினியப் பானை வைக்கிறேன். இதைப் படித்ததிலிருந்து பயம்.

சோறு வேகும், வீடு வேகாது தங்கச்சி. அலுமினியம் எப்போதும் தன் மேல் ஆக்ஸைடுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும். போதாததற்கு, பானை ஒரே கட்டி. வினைக்கு வேண்டியது தூள். ஆனால் துருவேறிய இரும்பில் அலுமினியம் ஓங்கி மோதினால் பொறி பறக்கும். வாயு கசியும் சுரங்கங்களில் இலேசான உலோகக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது அதனால்தான். பானையை ஓங்கி வைக்கும் கோபத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், பாறசாலை: கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

அலுமினியம் மற்ற உலோகங்களின் ஆக்சிஜனைப் பிடுங்கும் என்று முதலில் காட்டியவர் ரஷ்ய வேதியியலாளர் பெக்கெடோவ்; 1865 வாக்கில். அதை வேலைக்குப் பழக்கியவர் ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். காப்புரிமைக்கு எழுதிப் போட்டது 1895. அவர் தேடியது கரி கலக்காத சுத்தமான குரோமியமும் மாங்கனீசும். கையில் வந்தது தண்டவாளத்துக்கு ஒட்டு. 1899-ல் எஸ்ஸென் நகர டிராம் பாதையில் முதல் ஒட்டு விழுந்தது. கோல்ட்ஷ்மிட் என்றால் ஜெர்மன் மொழியில் தட்டான். தட்டான் பேர் கொண்டவர் கொல்லனுக்கு வழி காட்டினார்!

தினசரி ரயில் பயணி, அமரவிளை: சின்ன வயதில் கேட்ட 'டடக் டடக்' எங்கே போச்சு?

மூசையில், அதாவது தெர்மிட் உருகும் சட்டியில், உருகிப் போச்சு. ஒரு தண்டவாளத் துண்டு 13 மீட்டர். துண்டுகளைப் பிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்து முடுக்கினால் கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் மட்டும் 77 இணைப்பு. ஒவ்வொன்றிலும் இடைவெளி, ஒவ்வொன்றிலும் ஒரு அடி. அடி வாங்கியது சக்கரம், தண்டவாளம், உங்கள் முதுகு மூன்றும். இப்போது ஒட்டிவிட்டார்கள். தாலாட்டு போனாலும் தூக்கம் மிச்சம்.

அதே பயணியின் நண்பர்: வெயிலில் இரும்பு நீளுமே. இடைவெளி இல்லாவிட்டால் எங்கே போய் நீளும்?

நல்ல கேள்வி, நண்பரைவிட நீங்கள் விழித்திருக்கிறீர்கள். 30 டிகிரி சூடு ஏறினால் 13 மீட்டர் தண்டவாளம் நாலரை மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். விடமாட்டார்கள். கான்கிரீட் ஸ்லீப்பர், கிளிப், இருபுறமும் ஜல்லி என்று இறுக்கிப் பிடித்துவிடுவார்கள். நீளம் உள்ளுக்குள் அழுத்தமாக அடங்கும். ஜல்லி குறைந்தால் பாதை பாம்பாக நெளியும். அதனால்தான் உச்சி வெயிலில் நாம் நிழல் தேடும்போது, பாதையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நடக்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாறசாலை: ஒட்டுப்போடுவதை நேரில் பார்த்ததில்லை. எழுத்தில் காட்ட முடியுமா?

வாருங்கள் சார், வேலி ஓரமாக நின்று பார்ப்போம். இரண்டு ரயில்களுக்கு நடுவே பாதையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு 'பிளாக்' என்று பேர். இரண்டு முனைகளுக்கும் நடுவே சுமார் 25 மில்லிமீட்டர் இடம். அதைச் சுற்றி மணல் அச்சு. சந்து பொந்தெல்லாம் பூசி அடைப்பார்கள்.

முனைகளைத் தீநாக்கால் சூடேற்றுவார்கள். ஜில்லென்ற இரும்பில் கொதிக்கிற இரும்பு ஒட்டாது. மேலே மூசை. அதில் ஒரு ஒட்டுக்கு அளந்து கட்டிய பொட்டலம். பாதைக்காரர்கள் 'போர்ஷன்' என்பார்கள். அதில் துருவும் அலுமினியமும் மட்டுமில்லை. வெறும் இரும்பு மெத்தென்று இருக்கும் என்பதால் மாங்கனீசு போன்ற சேர்மானமும் உண்டு. ஒட்டு, தண்டவாளத்தின் ஜாதி உருக்காகவே இறங்க வேண்டுமே.

பற்றினால் சில நொடிகள்தான். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாத வெளிச்சம். கசடு மேலே ஒதுங்கியதும் அடித்துளை திறக்கும்; வெள்ளை இரும்பு அச்சுக்குள் பாயும். இறுகியதும் பிதுங்கியதை வெட்டி, தேய்த்து, நேர்கோல் வைத்துப் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு ஒட்டு தெரிந்தால் வேலை தோற்றது என்று அர்த்தம்.

ரப்பர் வெட்டுபவர், வெள்ளறடை: சட்டிக்குள் ஒன்றாக உருகிய இரும்பும் கசடும் எப்படிப் பிரிகின்றன? ரப்பர் பாலுக்கு நாங்கள் ஆசிட் விடுகிறோமே!

இதற்கு ஆசிட் வேண்டாம், எடை போதும். தேங்காய்ப்பாலை வைத்திருந்தால் கட்டிப்பால் மேலே ஏறி நிற்குமே, அதே கதை. கசடு என்பது அலுமினிய ஆக்ஸைடு. இரும்பில் ஏறக்குறைய பாதிக் கனம்தான். அது மிதக்கும், இரும்பு தாழும். அதனால்தான் மூசைக்கு வாய் கீழே. இன்னொன்று: மாணிக்கக் கல்லும் இதே அலுமினிய ஆக்ஸைடுதான், துளி குரோமியம் கலந்து படிகமானது. தண்டவாளத்தோரம் தட்டிக் கொட்டுகிற கசடு, மாணிக்கத்தின் ஏழைத் தம்பி.

நெசவாளர், பாலராமபுரம்: முடிச்சு விழுந்த பாவு நூல் அங்கேதான் அறும். தண்டவாளமும் அப்படியா?

தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். ஆமாம். ஆலையில் மின்சாரத்தால் அழுத்தி ஒட்டும் ஒட்டைவிட, பாதையோரத்தில் ஊற்றி ஒட்டுவது பலத்தில் ஒரு படி கீழே. உள்ளே ஒரு காற்றுக்குமிழி, ஒரு கசடுத் துணுக்கு போதும். அதனால்தான் மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பிச் சோதிக்கிறார்கள். சந்தேகம் உள்ள இடத்தில், ஒட்டின் வீக்கத்துக்கு இடம் விட்டு வளைத்த பிஷ் பிளேட்டைத் துணைக்குக் கட்டுகிறார்கள். உங்கள் விரல் முடிச்சைத் தடவிப் பார்க்கும். அவர்கள் கருவி தட்டிக் கேட்கும்.

வாசகர், களியக்காவிளை: தெர்மிட் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாமா?

அணையாது, ஆத்திரப்படும். தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பை நாலு பக்கமும் வாரி இறைக்கும். சூடேறிய உலோகம் தண்ணீரையே பிளந்து ஹைட்ரஜனையும் கிளப்பும். காற்றை மூடினாலும் பயனில்லை. கட்டுச்சோறு உள்ளே இருக்கிறதே. காய்ந்த மணலை அணைபோட்டு, பக்கத்துப் பொருள்களைக் காப்பாற்றி, விலகி நிற்பதே அறிவு. இடவப்பாதி மழையில் ஒட்டு வேலைக்கு விடுமுறை விடுவது இதனால்தான். அச்சில் ஈரம் இருந்தால் ஒட்டிலும் பஞ்சு மாதிரி ஓட்டை விழும்.

இளைஞர், நெய்யாற்றின்கரை: மொட்டை மாடியில் செய்து வீடியோ போடலாம் என்றிருக்கிறேன். அளவு சொல்லுங்கள் மாமா.

சொல்ல மாட்டேன். அந்தச் சூட்டு இரும்பு கான்கிரீட்டில் விழுந்தால், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகித் தளத்தைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். தண்டவாளத்தில் இதைச் செய்பவர்கள் பயிற்சி பெற்றவர்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கைக்கு உறை, பக்கத்தில் மேற்பார்வையாளர். வீடியோவுக்கு வரும் லைக்கை எண்ண விரல் வேண்டும், பார்க்கக் கண் வேண்டும் மக்களே.

பட்டாசுக் கடைக்காரர், குன்னத்துகால்: இவ்வளவு சூடு இருந்தும் ஏன் வெடிக்கவில்லை?

வெடி என்பது வாயுவின் வேலை. பட்டாசுக்குள் மருந்து நொடியில் வாயுவாகி ஊதும், காகிதம் கிழியும். தெர்மிட்டில் பிறப்பது இரும்பும் கசடும், இரண்டும் திரவம். தள்ளுவதற்கு ஆள் இல்லை. பட்டாசு சத்தம் போட்டுப் போய்விடும். இது நின்று வேலையை முடிக்கும்.

முன்னாள் ராணுவ வீரர், வெள்ளறடை: போரில் இதைப் பயன்படுத்தியது பற்றிச் சொல்லவில்லையே?

சொல்கிறேன் ஐயா. 1940-ல் லண்டன் மேல் ஜெர்மனி கொட்டிய ஒரு கிலோ தீக்குண்டுகளின் வயிற்றில் இருந்தது தெர்மிட். 41 வருஷத்துக்கு முன் அதே ஜெர்மனியில் டிராம் பாதையைச் சேர்த்து வைத்த அதே சரக்கு. தூள் மாறவில்லை, கை மாறியது.

எலக்ட்ரீஷியன், பாறசாலை: எங்கள் தொழிலில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. இரும்புத் துருவுக்குப் பதில் செம்பு ஆக்ஸைடு வைத்தால் உருகி வருவது செம்பு. எர்த் கம்பிகளை இப்படி ஒட்டுகிறார்கள். நட்டு போல் தளராது. இணைப்புக்குள் துரு புகாது. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இடி இறங்குகிற வேகத்துக்கு, பூமிக்குப் போகிற வழியாவது ஒழுங்காக இருக்கட்டும்.

கடற்கரைக்காரர், மணவாளக்குறிச்சி: எங்கள் கறுப்பு மணலுக்கும் இதற்கும் சொந்தம் உண்டா?

நெருங்கிய சொந்தம். உங்கள் கறுப்பு மணலான இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்து நிற்கிற சரக்கு. அலுமினியத்தை விட்டுப் பறித்தால் பெரோ டைட்டானியம் கிடைக்கும், உருக்குக்குச் சேர்மானம். தனி டைட்டானியம் வேண்டுமானால் பறிக்க மக்னீசியம் வரவேண்டும். சவறையில் 2011 முதல் அந்த வேலை நடக்கிறது. அங்கே மக்னீசியம் பறிப்பது ஆக்சிஜனை இல்லை, குளோரினை. ஆளும் சரக்கும் மாறினாலும் தொழில் ஒன்று: வழிப்பறி.

விண்வெளி ஆர்வலர், திருவனந்தபுரம்: ராக்கெட்டிலும் அலுமினியத் தூள்தானே?

ஆமாம். தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பிய ஊர்க்காரராயிற்றே, கேட்காமல் இருப்பீர்களா! இன்றைய திட எரிபொருளில் அலுமினியத் தூளுக்கு ஆக்சிஜன் கொடுப்பது அம்மோனியம் பெர்குளோரேட். அங்கே வாயு நிறையப் பிறக்கும், அதனால் பறக்கிறது. தெர்மிட்டில் பிறக்காது, அதனால் ஒட்டுகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் வானம் பார்த்தான், ஒருவன் தரை பார்த்தான்.

எல்லைக் கிராமத்துப் பெரியவர், வெள்ளறடை: எல்லாம் சரி. இந்த ஒட்டு நம் ஊருக்கு என்ன செய்தது?

1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. பெண் கொடுத்தவர் ஒரு மாநிலம், எடுத்தவர் ஒரு மாநிலம். 1979 ஏப்ரல் 15-ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடியது. பாறசாலையை விட்டால் அடுத்து மேற்குக் குழித்துறை. நடுவில் எல்லை எங்கே கடக்கிறது என்று ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக் காது கொடுத்துப் பாருங்கள். ஒட்டியவன் வேலை சுத்தம். தெரியாது.